பேசாப் பிள்ளையின் அரிவரி

ஒருவர்க்கு ஒன்றைக் கொடுக்குமிடத்து, அஃது ஈகையோ கடனோ என்பதை முன்னர்த் தெளிதல் வேண்டும். ஈகையாயின், கொடுப்பவர் விரும்பிற் கொடுக்கலாம், விரும்பாவிடின் விடலாம், பெறுபவரும் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவராவர். கடனாயின், கொடாமை குற்றமாம். பெறுபவர் தலைகுனிதற்கு யாதொரு காரணமுமில்லை. ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய சிறு பிள்ளைகள் வேண்டிய பயிற்சியைப் பெறும்பொருட்டு வறிய குடும்பங்களுக்குச் செய்யும் உதவி இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெயர் சொல்லி அழைப்பினும் திரும்பிப் பாராமை, பேச்சுத் தாமதித்து வருதல், ஒரே செய்கையை மீட்டும் மீட்டுஞ் செய்தல், சிறு மாற்றத்துக்கும் பேரோசைக்கும் கலங்குதல் முதலியன இப்பிள்ளைகளிடத்துக் காணப்படும் குறிகள். 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து இதனை விரித்தெழுதினார். பின்னர்ச் சிலகாலம், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணமென மேனாட்டார் பலர் கூறித் தாய்மாரைப் புண்படுத்தினர். அக்கூற்றை 1964 இல் பேர்ணாட் றிம்லண்ட் என்பவர் தமது நூலால் மறுத்தார்; அவர்தாமும் இத்தகைய பிள்ளையொன்றின் தந்தையே. இஃது இளமையிலேயே மூளையின் வளர்ச்சியிலுண்டாகும் வேறுபாடென்பதும், தாயின் குற்றமுமன்று கண்ணேறுமன்றென்பதும் இன்று தெளிந்த உண்மைகள். இலங்கையிலே 18 முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளிடத்துச் செய்யப்பட்டு 2009 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, 93 பேருள் ஒருவருக்கு இஃதுண்டெனக் கண்டது. இக்கணக்கு யாண்டும் ஒக்குமாயின், 300 பிள்ளைகள் உள்ள ஊரில் மூவர் இத்தகையராவர்.

இதனை நீக்கும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, விளையாட்டின் மூலம் பழக்குதல் என்பனவே துணைசெய்வன. அவையும் இளமையிலே தொடங்குதல் நன்று. தண்ணீர் வேண்டுமென்று சொல்லமாட்டாத பிள்ளை அழுது தன் கையையே கடிக்கின்றது. ஒரு படத்தைச் சுட்டிக் காட்டவோ ஒரு சொல்லைச் சொல்லவோ பழகியபின், அவ்வழுகை பெரிதுங் குறையக் காண்கின்றோம். ஏனைப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதுதல் எத்தகையதோ, இப்பிள்ளைக்கு அச்சுட்டுதல் அத்தகையது. அதுவே அதன் அரிவரி. தந்தையின் வறுமை மகனுடைய கல்விக்குத் தடையாகலாகாதென்னும் நியாயம்பற்றியே 1945 இல் இந்நாட்டிலே கல்வி இலவசமாக்கப்பட்டது. அதனை எவரும் பிச்சையென்று கொண்டிலர். எழுத்துக்கு முற்பட்ட இவ்வரிவரி மாத்திரம் எங்ஙனம் பிச்சையாகும்? ஊனமுற்றோர் உரிமைபற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்ததும் இந்நியாயத்தோடு ஒத்ததேயாம். ஆதலின் இவ்வுதவி கடனேயென்பது எமது துணிபு.

அற்றேல், அரசினர் வைத்தியசாலையிலே கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்குமே, வேறுதவி எற்றுக்கு எனின், கூறுதும். இப்பயிற்சி தருவோர் சிலர். தமிழிலே தருவோர் அவரினுஞ் சிலர். பிள்ளையின் முறை பலநாளைக்கு ஒருமுறையே வரும். தூரத்து நகருக்குச் செல்லப் பஸ்கூலி வேண்டும். சென்ற நாளில் நாட்கூலியும் இழக்கப்படும். 2022 இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியின்பின் இச்சுமை மிகுந்தது. கதவு திறந்திருப்பினும், அக்கதவை அடையும் வழியிலே நடக்க மாட்டாதவனுக்கு அதனாற் பயனென்னை?

ஒரு பிள்ளைக்குச் செலவிடும் பணத்தைப் பல பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கச் செலவிடுதல் நன்றன்றோ எனின், தேவை வேறுபடுமிடத்து யாவர்க்கும் ஒரே அளவு கொடுத்தல் சமனாகாது. பார்வை குறைந்த பிள்ளைக்குக் கண்ணாடி கொடுக்குமிடத்து, ஏனையோர்க்குங் கண்ணாடி கொடாமை அநீதியென்று ஒருவருஞ் சொல்லார். மேலும், செலவு நினைப்பதுபோற் பெரிதன்று. இந்தியாவிற் கோவாவிலும் பாக்கிஸ்தானில் இராவல்பிண்டியிலும், நிபுணரல்லாத உள்ளூர்ச் சுகாதார ஊழியர் பழக்கப்பட்டு, பெற்றோருக்கு 12 முறை வழிகாட்டினர். பெற்றோர் பிள்ளையோடு ஒத்துப் பழகுதலும், பிள்ளை தானே பெற்றோரோடு பழகத் தொடங்குதலும் மேம்பட்டனவென 2016 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. உலக சுகாதார நிறுவனமும் 9 கூட்டங்களும் 3 வீட்டு வருகைகளும் கொண்ட பெற்றோர் பயிற்சியொன்றை வகுத்துள்ளது.

ஆயினும் ஈண்டு ஒரு பிழை புகுதல் கூடும். தாய்க்குப் பழக்கிவிட்டோம், இனி யாவும் அவள் பொறுப்பென்று கைகழுவுதல் உதவியன்று. சுமையை இடம் மாற்றுதலேயாம். வெங்காயத் தோட்டத்திலே கூலிக்குக் களைபிடுங்கும் தாய் எந்நேரத்திற் பிள்ளையோடு விளையாடுவாள்? பயிற்சி நாளின் கூலியை அவளுக்குக் கொடுத்தலும் பயிற்சிச் செலவின் ஒரு பகுதியென்றே கொள்ளல் வேண்டும்.

இனி, இஃது அப்பிள்ளையின் முன்வினைப்பயன், நாம் தடுக்கலாமோ என்பாருமுளர். அவர்தாமும் தம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் ஓடுகின்றனர். பிறர் பிள்ளைக்கு மாத்திரம் எடுத்தோதப்படும் சித்தாந்தம் சித்தாந்தமன்று, சாக்குப்போக்கேயாம். பிறருடைய பிராரத்தத்தை ஆராயப் புகுவோர், உதவாது நின்றதனால் தமக்கு ஏறும் ஆகாமியத்தை மறந்தனர் போலும்.

கடனென்று துணிந்தபின், கொடுக்கும் முறையும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும். தாயை மேடையில் நிறுத்திப் படம் பிடித்தலும், பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுதலும் தகா. ஏனையோர்போல் ஆயிற்றா என்று அளத்தலும் முறையன்று. தன் தேவையை உணர்த்த வல்லதாயிற்றா, அச்சம் குறைந்ததா என்பனவே அளவுகோல்கள். முற்றாக மாற்றித் தருவோமென்று விளம்பரஞ்செய்து, நகையை அடகுவைத்த பணத்தைக் கவர்வோரிடத்திருந்து வறியவரைக் காத்தலும் உதவியின்பாற்பட்டதே.

உபாத்தியாயர்களே, இப்பிள்ளைகளைத் தாய் தந்தையர்க்கு அடுத்தபடியாகக் காண்பவர் நீவிர். முன்பள்ளியிலோ முதலாம் வகுப்பிலோ மேற்சொன்ன குறிகளைக் கண்டால், முரடனென்று தண்டியாமலும் மந்தனென்று ஒதுக்காமலும், பெற்றோரோடு தனிமையிற் பேசிக் குடும்பநல உத்தியோகத்தரிடத்தும் வைத்தியரிடத்தும் வழிப்படுத்துங்கள். பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, இரண்டு மூன்று குடும்பங்களின் பஸ்கூலியையும் நாட்கூலியையும் ஏற்றல் இயலாததொன்றன்று. அரிவரி கற்பித்தல் உங்கள் தொழில். சொல்லெடுக்க மாட்டாத பிள்ளையின் அரிவரியும் அதனுள் அடங்குமென்பதை மறவாதிருப்பீர்களாக.