காகிதத்தில் இருப்பது யார்?

கயிற்றைப் பாம்பென்று மயங்குவது அத்வைதிகள் காட்டும் பழைய உதாரணம். அதையே தலைப்பாக்கி 1960இல் ஆங்கிலத்தில் நாவல் எழுதியவர் ராஜா ராவ். மைசூர் நாட்டு ஹாசனில் 1908இல் பிறந்தவர். திருவனந்தபுரத்து ஆத்மானந்தரின் சீடர். பின்னாளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 2006இல் காலமானார். அவருடைய கையெழுத்துப் படிகள் இன்று ஆஸ்டின் நகரின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன. பாம்பே பொய் என்றவர் உரித்துப்போட்ட சட்டையை மட்டும் இத்தனை பத்திரமாக வைப்பானேன்?

தமிழ்ச் சமய மரபு இதற்கு ஒரே விடை சொல்லவில்லை. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடும்படி ஆகமம் சொல்வதாகவும், அப்படியே இட்டுவிட்டதாகவும் அவருக்குப் பதில் கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்ட ஊர்களும் உண்டு. மூடத்தனம் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் எழுத்தைத் தெய்வமாக எண்ணியவர்கள்தான் அதற்கும் ஈமக்கடன் செய்தார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து யூதர்களுக்கும் அதே பக்திதான். கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கத் துணியாமல், மற்ற தாள்களோடு சேர்த்து நூற்றாண்டுக் கணக்கில் ஓர் அறைக்குள் போட்டுவைத்தார்கள். இந்துமாக்கடல் வணிகர்களின் கடிதங்கள்கூட அதனால் பிழைத்தன.

இலங்கை மலையகத்தின் அட்டனிலும் நுவரெலியாவிலும் கேள்வியின் முகமே வேறு.

அங்கே மனிதன் இருக்கிறானா இல்லையா என்பதையே காகிதம்தான் தீர்மானித்தது. தோட்டத்துக்கு ஆள் பிடித்து மேய்த்த கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ கையில் இல்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவில் பிறந்த தகப்பனுக்கு யார் பதிவு வைத்தார்கள்? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபோது நாடற்றவர் கணக்கு 9,75,000. இத்தனை பேரிடம் போய், நாமரூபமெல்லாம் மாயை, காகிதம் எதற்கு என்று வேதாந்தம் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். தன் இருப்பை யாரும் சந்தேகிக்காதவருக்கே அந்தத் துறவு எளிது.

மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். கவிஞர், தொழிற்சங்கவாதி, ‘வீடற்றவன்’ நாவலாசிரியர். தத்துவப் பேராசிரியர் அல்லர். ஆனால் அவர் விட்டுச்சென்ற எழுத்து தத்துவக் கேள்வி ஒன்றை எழுப்புகிறது. 1984இல் மறைந்த அவர் தோட்டந்தோட்டமாகக் கேட்டு எழுதிய நாட்டுப் பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாயின. கொழுந்து பறித்தவர்களும் பிள்ளையைத் தாலாட்டியவர்களும் கட்டிய பாட்டுகள் அவை. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் அந்தப் பெண்களின் பெயர் இருக்கும், பக்கத்தில் வேலைநாளும் கொழுந்தின் எடையும் இருக்கும், பாட்டு இருக்காது. தேரின் எந்தப் பாகம் தேர் என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனைக் கேட்டார், மன்னனால் எதையும் காட்ட முடியவில்லை. பாட்டுகளை எழுதிய அந்தக் கையெழுத்துத் தாள்களில் எது சி.வி. என்று கேட்டாலும் மன்னன் பட்ட பாடுதான். அவர் தாளைக் காப்பவர் ஒருவருடைய ‘நான்’ என்பதைக் காக்கவில்லை. அந்த அளவில் ராஜா ராவின் வேதாந்தத்துக்கு ஆஸ்டினைவிட மடக்கும்புரமே கிட்ட இருக்கிறது.

காப்பது லேசான வேலையல்ல. மலைநாட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். தாளில் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும், அடுப்புப் புகை மஞ்சளாக்கும். 1977, 1983 இனக் கலவரங்களில் பல குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின. தாள் வைத்த பெட்டியை யார் எடுத்தார்கள்? அதனால்தான் மலையக எழுத்தாளர் சாரல் நாடன் செய்த காரியம் பெரிது. பழைய அச்சுத் தாள்களைத் தேடித் துருவி சி.வி.யைப் பற்றியும், ‘தேசபக்தன்’ இதழ் நடத்திய கோ. நடேசய்யரைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மலையக நூல்களையும் இதழ்களையும் மின்வடிவமாக்கி வருகிறது. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் கூடமும் ஆகியிருக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம். எழுத்தாளர் காஃப்கா தன் தாள்களை எரிக்கச் சொன்னார், நண்பர் மாக்ஸ் பிராட் கேட்கவில்லை. அங்கே எரிக்கவோ காக்கவோ சொல்ல எழுதியவருக்கு வாயிருந்தது. சி.வி.யைப் போன்ற தொழிற்சங்கக்காரர் பெட்டியில் கிடப்பதோ அடுத்தவர் மனு: வேலைநீக்கம், கடன், குடும்பத் தகராறு. மனுக் கொடுத்தவளிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. அதற்காக எரித்துவிடலாகாது, பிள்ளைகளோ பேரர்களோ சம்மதிக்கும்வரை அவள் பெயரை மறைத்துவைக்கலாம். பாட்டின் விஷயத்தில் முறை தலைகீழாக வேண்டும். பாடியவள் பெயர் எங்காவது ஓரத்தில் குறித்திருந்தால், பட்டியலில் சி.வி.யின் பெயருக்கு முன்னால் அதைப் போடவேண்டும்.