நினைத்தது நடக்காத நாள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நாலரை மணிக்கே கூட்டம் இருக்கும். கட்டைப்பையும் தூங்கி விழும் குழந்தையுமாக ஒரு குடும்பம், சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோவைக்கு இன்டர்வியூ போகும் ஒரு பையன், மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓ.பி. சீட்டு வாங்கப் போகிறவர்கள். ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டால் முதலில் ஆட்டோக்காரர் மேல் கோபம் வரும், அப்புறம் வீட்டில் தாமதம் செய்தவர் மேல். அதற்குப் பிறகு ஒரு டீ. டம்ளர் பாதியாகும்போது பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்: “விடுப்பா, எல்லாம் நல்லதுக்குத்தான்.”

ஊரில் இந்த வார்த்தை பல பேச்சில் புழங்குகிறது. அபிராமி அம்மன் கோயில் பக்கம் “ஆத்தா பாத்துக்குவா” என்பார்கள். சூசையப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் “ஆண்டவர் சித்தம்” என்பார்கள். பேகம்பூர் பள்ளிவாசல் தெருவில் “அல்லா நாடுனதுதான் நடக்கும்” என்று கேட்கும். சொல் வேறானாலும் நம்பிக்கை ஒன்றே. நம் திட்டம் உடைந்த இடத்தில் நம்மைவிடப் பெரிய ஒருவனுடைய கை இருக்கிறது என்ற நம்பிக்கை அது. அதை வெறும் சமாதானப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிக மோசமான நாட்களைக் கடந்து வந்திருக்கின்றன.

ஆனாலும் இந்த நம்பிக்கையை நாம் சொல்லும் விதத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. ‘அந்த பஸ்ஸை விட்டுட்டேன், அது வழியில கவுந்துருச்சு, கடவுள்தான் என்னைக் காப்பாத்துனார்’ என்ற கதையை எல்லா ஊரிலும் யாராவது சொல்லுவார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கேட்பவர்களும் பெருமூச்சு விடுவார்கள். தப்பியவரின் நன்றி உண்மையானது. அவர் கைகூப்புவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் ஏறியவர்கள்? காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அதே கடவுள்தானே? தப்பியவருக்கு மட்டும் பொருந்துகிற அருள் பாதி அருள்தான். இழந்தவரையும் சேர்த்து அணைக்கிற பேச்சு ஒன்று வேண்டும். அதைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சின்னாளபட்டியைத் தொட்டாற்போல், சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது.

அதை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் 1904ஆம் ஆண்டு பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். அந்தக் கால வழக்கப்படி சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். மதுரையில் பிளேக் பரவியபோது நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார், அதே நோய் அவரையும் தொற்றியது, 1925இல் இறந்துபோனார். சௌந்தரத்துக்கு அப்போது 21 வயது.

அந்த வீட்டு முற்றத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். பணம் இருந்தது, பெயர் இருந்தது. கார்களும் பஸ்களும் ஓட்டிய குடும்பம். ஒரு கிருமிக்கு முன்னால் அதெல்லாம் எதற்கும் உதவவில்லை. 1925இல் ஓர் ஐயங்கார் வீட்டில் 21 வயதில் விதவையான பெண்ணுக்கு ஊர் ஒதுக்கி வைத்திருந்த இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் ‘எல்லாம் நல்லதுக்குத்தான் அம்மா’ என்று யாராவது சொல்லியிருந்தால், அதைவிடக் கொடுமையான பேச்சு இருந்திருக்க முடியாது.

பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல், 32 வயதில், சௌந்தரம் டாக்டரானார். கணவர் இறந்த நாளுக்கும் பட்டம் வாங்கிய நாளுக்கும் நடுவே 11 வருடம். இந்த மாதிரி வாழ்க்கையைச் சொல்லும்போது நாம் ‘இறந்தார்’ என்று ஒரு வரி, ‘டாக்டரானார்’ என்று அடுத்த வரி எழுதிவிடுகிறோம். அந்த இரண்டு வரிக்கு நடுவில் 11 வருடத்து இரவுகள் இருக்கின்றன. கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்கிறவர் அங்கேதான் தேட வேண்டும். முதல் நாளே யாருக்கும் பதில் தெரிந்துவிடுவதில்லை.

டெல்லியில் சுசீலா நய்யாரின் நட்பு கிடைத்தது, அவர் வழியாகக் காந்தியின் அறிமுகம். ஹரிஜன சேவையில் இருந்த கேரளத்து ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்ய விரும்பினார்கள். சாதி வேறு, மொழி வேறு, பெண்ணோ விதவை. வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வருடம் பார்க்காமல், கடிதம்கூடப் போடாமல் பிரிந்திருங்கள், அதற்குப் பிறகும் மனம் மாறவில்லையென்றால் நானே நடத்தி வைக்கிறேன் என்றார் காந்தி. நினைத்தது மறுபடியும் தள்ளிப்போனது. பொறுத்திருந்தார்கள். 1940இல் காந்தியும் கஸ்தூர்பாவும் முன்னிற்கக் கல்யாணம் நடந்தது.

1947இல், நாடு விடுதலை பெற்ற வருடத்தில், காந்திகிராமம் பிறந்தது. சின்னாளபட்டி நெசவாளர்களின் ஊர். சுங்குடிச் சேலைக்குப் பேர்போனது. அங்கே இரண்டு படுக்கைகளோடு ஒரு சின்ன மருத்துவமனையைச் சௌந்தரம் தொடங்கினார். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நிறைமாதம் வரை நெய்த பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார் என்ற செய்தி எத்தனை பெரியது என்று அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு படுக்கைதான் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அவ்வை ஆசிரமம் வந்தது. 1956இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சௌந்தரம் ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் திண்டுக்கல்லின் எம்.பி. ஆனார், மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். காந்திகிராமத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: அம்மா.

இப்போது கேள்வி திரும்ப வருகிறது. இத்தனையும் நடப்பதற்காகத்தான் அந்த இளம் டாக்டர் சாக வேண்டியிருந்ததா? ‘ஆமாம்’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. கூசத்தான் வேண்டும். பிளேக் வந்தது எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும். ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் உயிரைப் பறிக்கிற கணக்குப்பிள்ளையாகக் கடவுளை நினைப்பது பக்தி ஆகாது.

வேலூரிலும் இதே கேள்வி உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கை வேண்டாம் என்று முடிவு செய்திருந்த பெண். 1890களில் தாயின் உடல்நலத்துக்காகத்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தார், திரும்பிப் போவதாகவே ஏற்பாடு. ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஐடாவோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா தன் பழைய முடிவை விட்டார், அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார், இன்றைக்குச் சி.எம்.சி. என்று வளர்ந்திருக்கும் மருத்துவமனையை வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். கடவுள் அழைத்தார் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று பெண்கள் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போட்ட அஸ்திவாரக் கல் இல்லை. அவர்களுக்கும் பெயர் இருந்தது, ஆசை இருந்தது.

விதி என்ற சொல்லும் அருள் என்ற சொல்லும் இங்கேதான் பிரிகின்றன. விதி நடந்ததைக் காட்டி, எழுதியது அவ்வளவுதான் என்று கையை விரிக்கும். அருள் நடந்ததற்குப் பிறகு வருகிறது. உடைந்ததைக் கையில் எடுத்து, மிச்சத்தில் என்ன செய்யலாம் என்று கேட்கிறது. பெரும்பாலும் அது மனிதர்களாகவே வருகிறது: மகளைப் படிக்க அனுப்பிய தகப்பன், டெல்லியில் கிடைத்த ஒரு தோழி.

தை மாதத்தில் திண்டுக்கல் ரோட்டில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாகத் தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் பழனிக்குப் போக வேண்டும். இன்னும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நடை. இரவுக்குள் ஒட்டன்சத்திரம் என்று கணக்குப் போட்டு வந்தவர், ரெட்டியார்சத்திரத்திலேயே பாதம் முழுக்கக் கொப்புளமாக உட்கார்ந்துவிடுவார். முன்பின் தெரியாத யாரோ வருவார். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் குறுக்கே மெல்லச் செருகி, நூலை உள்ளேயே விட்டு நறுக்குவார். நீர் நூல் வழியே கசிந்து வடியும், தோல் கிழியாது. பிறகு எண்ணெய் தேய்த்துக் கெண்டைக்காலை நீவிவிடுவார். “முருகனே அனுப்புன மாதிரி வந்தீங்க சாமி” என்பார் நடந்து வந்தவர். அவர் சொல்வது உண்மை. கடையைச் சாத்திவிட்டு அன்றைய வியாபாரத்தை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அந்த ஆளின் விரல்களில்தான் முருகன் இருக்கிறான்.

அவர்கள் போய்ச் சேரும் மலையே ஓர் ஏமாற்றத்தில் பிறந்த தலம்தானே. உலகத்தைச் சுற்றி வந்தும் மாம்பழம் கிடைக்காத பிள்ளை, கோபித்துக்கொண்டு வந்து நின்ற இடம் பழனி. பழத்தை இழந்தவனின் சந்நிதியில் கொடுக்கிற பஞ்சாமிர்தம் பழத்தால் ஆனது. விருப்பாச்சி மலைவாழைப்பழத்தைப் பிசைந்து செய்வது அது. அண்ணனுக்குப் போன மாம்பழம் திரும்பி வரவில்லை. இந்தப் பிரசாதத்தை உண்டாக்கியவர்களுக்கு அருள் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்திருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பஸ் தவறினால், கல்யாணம் தள்ளிப்போனால், கேட்ட வேலை வேறொருவருக்குப் போனால், ‘எல்லாம் நல்லதுக்கே’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும்போது மட்டும் அதைச் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. காபியோ கஞ்சியோ வைத்து எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து சாப்பிட வையுங்கள். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு இன்னொரு தடவை போங்கள்.