பக்கத்து நாற்காலி

இங்கிலாந்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் கட்டணம் ஏதும் கட்டாமல், மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு ஆண்டுகளில் மென்பொருள் பொறியியலில் பட்டம் பெற்றுவிடலாம். டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்று இதற்குப் பெயர். 2015இல் தொடங்கிய ஏற்பாடு. பெரும்பாலும் வாரத்தில் நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகப் படிப்பு. ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் 0.5 விழுக்காடு வரி கட்டுகின்றன. அங்கே படிப்புச் செலவு அந்தப் பணத்திலிருந்து போகிறது.

மான்செஸ்டரில் நான் இருக்கும் குழுவுக்கு இப்படி வரும் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதனால் ஏ லெவல் படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகளிலிருந்து போன் வரும். "ஏண்ணா, நல்லா படிக்கிற பொண்ணு. எதுக்கு இப்பவே வேலைக்கு அனுப்பணும்? காலேஜ் வாழ்க்கையே இல்லாம போயிடாதா?"

போய்விடும்தான். அதை நான் மறைத்துச் சொல்வதில்லை. இவர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது, அலுவலக லீவு மட்டும்தான். திங்கள் காலை ஸ்டாண்ட்அப் என்ற குழுக்கூட்டத்தில் நிற்கும்போது, சனி ஞாயிறு முழுக்க அசைன்மென்ட் எழுதிய களைப்பு முகத்தில் தெரியும். தேவையில்லாததைப் படிப்பதற்கும், விடிய விடிய நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பதற்கும், இது நமக்கு ஒத்துவராது என்று வேறு துறைக்குத் தாவுவதற்கும் உரிய வயது அது. அதில் பெரும்பகுதியை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறோம். 2025இல் ஓராண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு என்பதால் கடனில்லாத பட்டம் பெரிய விஷயம்தான். ஆனாலும் கடனைக் காட்டி மட்டும் இந்த இழப்பைச் சரிக்கட்ட முடியாது.

ஈடாகக் கிடைப்பது என்ன என்பதைச் சொல்ல என் படிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தேன். ரெக்கார்டு நோட்டில் நிரல்களை எழுதினோம், அவுட்புட்டை எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். ஆசிரியர்கள் அக்கறையானவர்கள். ஆனால் நிரல் எழுதிப் பிழைக்கும் ஒருவர் சிக்கலில் மாட்டிக்கொண்டு யோசிப்பதை அந்த நான்கு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கரும்பலகைக்கு வந்தவை எல்லாமே முடிந்த நிரல்கள். வழியில் எங்கே தடுக்கியது, எந்த ஊகம் பொய்த்தது, எதைக் கைவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கே வரவில்லை.

அப்ரண்டிஸாக வரும் பிள்ளை முதல் வாரமே அதைப் பார்க்கிறது. பல ஆண்டு அனுபவமுள்ளவர் திரையைப் பார்த்து "புரியலையே" என்கிறார். லாகைப் படிக்கிறார், ஓர் ஊகம் சொல்கிறார், அது தப்பாகிப்போனதும் அடுத்ததற்குப் போகிறார். தெரியாமல் இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, அதுதான் இந்தத் தொழிலின் அன்றாட நிலை என்பதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே நம்ப முடியும்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஒரு புரோகிராமைப் பற்றி அதைச் செய்தவர்கள் மனத்தில் இருக்கும் புரிதல்தான் முதன்மையானது என்கிறார் அவர். வெளியுலகின் எந்தத் தேவைக்கு எந்தப் பகுதி பதில் சொல்கிறது, ஏன் இப்படிச் செய்தோம், புதிதாக ஒன்றைக் கேட்டால் எங்கே பொருத்துவது என்ற புரிதல். அதை முழுதாக எழுதிவைக்க முடியாது. அந்தப் புரிதல் உள்ளவர்களோடு நெருங்கி வேலை செய்துதான் புதியவர் அதைப் பெற முடியும். அந்தக் குழு கலைந்துவிட்டால், கணினியில் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தப் புரோகிராம் இறந்ததுதான் என்கிறார்.

இதை நான் கண்ணால் கண்டேன். எங்களிடம் பில் போடும் பழைய நிரல் ஒன்று இருக்கிறது. அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் நிரல்களை எழுதும் வேலையை முதலாண்டில் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். மாதக் கடைசி ஞாயிறாக விழுந்தால் மட்டும் தேதியை ஒரு நாள் தள்ளும் வரி ஒன்றைக் கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டாள். ஆவணத்தில் பதில் இல்லை. குழுவில் பலருக்கும் தெரியவில்லை, நாங்கள் யாரும் கேட்டதுமில்லை. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஒருவர் தேநீரோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய கிடங்கில் ஞாயிறு இரவுதான் சரக்கு எண்ணுவார்கள், அதனால் திங்கள் தேதியிட்ட பில்லைத்தான் ஏற்பார்கள் என்றார். அங்கிருந்து பேச்சு அந்த நிரலின் மற்ற மூலைகளுக்கும் போனது. பிற்பகல் முழுக்கப் பேசினார்கள். அவர் போன பிறகும் அந்த நிரல் எங்களிடம் உயிரோடு இருக்கிறது என்றால் அந்தப் பிற்பகலால்தான்.

மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவில் தையற்காரர்களிடம் பழகும் பையன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று கடைசி வேலையிலிருந்து பின்னோக்கிப் போகிறார்கள். கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குள் முழுச்சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருக்கும். டெஸ்ட் எழுதுவதும் சின்னச் சின்ன பக்குகளைச் சரிசெய்வதும் எங்கள் தொழிலின் பொத்தான்கள்.

அந்தப் பொத்தான்களுக்குத்தான் இப்போது ஆபத்து. செயற்கை நுண்ணறிவு அந்த வேலைகளை நொடியில் செய்து தருகிறது. பிறகு இளையவர்கள் எதற்கு என்ற கேள்வி பட்ஜெட் கூட்டங்களில் எழுகிறது. அந்தச் சிறு வேலைகளின் பயன் டெஸ்ட்டோடு முடிவதில்லை, ஒரு பிள்ளை மூத்தவர் பக்கத்தில் உட்காருவதற்கு அவைதான் காரணம் தருகின்றன என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். சிலர் காது கொடுக்கிறார்கள்.

மூத்தவர் பக்கத்தில் உட்காருவதைச் சட்டத்தால் எதுவரை உறுதிசெய்ய முடியும் என்பதையும் பார்த்துவிட்டேன். 1563இல் இந்த நாட்டில் வந்த சட்டம் ஏழாண்டுப் பழகுகாலத்தைக் கட்டாயமாக்கியது. அந்தக் காலத்து ஒப்பந்தச் சீட்டுகளில் தொழிலைக் கற்றுக்கொடுப்பது ஆசானின் கடமை என்று எழுதியிருக்கும். இன்றும் ஒப்பந்தம் உண்டு, குறைந்தது இத்தனை மணி நேரம் என்று பயிற்சிக் கணக்கு உண்டு, முடிவில் புராஜெக்ட் அறிக்கையும் நேர்முகமும் உண்டு. ஆனால் வழிகாட்டி என்று பெயர் போட்டவர் உண்மையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாரா என்பதை எந்தப் படிவமும் காட்டாது. வேறொரு நிறுவனத்தில் பழகிய பையன் ஒருவன் சொன்னான்: வீட்டிலிருந்தே வேலை, பாடம் எல்லாம் வீடியோவில், சந்தேகம் கேட்டால் மறுநாள் ஒரு வரியில் பதில். அவன் பட்டம் வாங்கிவிட்டான். ஆனால் நிரலை மாற்றச் சொன்னால் இன்னும் பயம் என்றான். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. அவனுடைய இளமையை வாங்கிக்கொண்டார்கள், ஈடாகத் தரவேண்டிய ஒன்றைத் தரவில்லை.

அதனால் இப்போது போன் செய்பவர்களிடம், சம்பளத்தையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் விசாரித்த பிறகு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறேன்: "என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரப்போவது யார்? அவருக்கு அதற்கென நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?" பதில் சொல்லத் தயங்கினால், மூன்றாண்டுக் கடனோடு கல்லூரிக்கே போகலாம் என்பது என் கருத்து.

எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். சென்னையில் என் முதல் வேலையில், தரமணி டைடல் பார்க்கில், மூத்த பொறியாளரான ஓர் அக்கா, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் சின்னக் குழந்தை. அந்த நேரத்தை யாரும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கு நான் திருப்பிச் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

பில் நிரலில் கேள்வி கேட்ட பெண் இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறாள். செப்டம்பரில் புதிதாக ஒரு பையன் வருகிறான். அவனைத் தன்னோடு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படியானால் வாரத்தில் இரண்டு பிற்பகல் அவளுக்கு வேறு வேலை தரக்கூடாது என்று மேலாளரிடம் சொன்னேன். ஒரு பிற்பகலுக்கு ஒப்புக்கொண்டார். இன்னொன்றுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.