நாற்றம் யாருடையது?

காண விரும்பாததைக் கண்டால் மனிதன் இமையை மூடிக்கொள்கிறான். கேட்க விரும்பாததைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். மூக்கை மட்டும் நெடுநேரம் அடைத்துவைக்க அவனால் இயலாது. மூச்சு உள்ளவரை மணமும் உள்ளே புகுந்தே தீரும். ஆதலின் பிறர் உடலின் நாற்றம் மனிதனை மிக விரைவாகச் சினங்கொள்ளச் செய்கிறது. ஆயினும் அச்சினத்தை அவன் வாய்திறந்து உரைப்பதில்லை. ஓரடி விலகி நிற்கிறான். விலக்கப்பட்டவனுக்கோ காரணம் விளங்குவதில்லை. தன் உடலின் மணத்திற்குத் தன் மூக்கு பழகிப்போவது இயற்கையின் அமைப்பு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் குற்றம் இன்னதெனத் தெரியாமலே தீர்ப்பு வழங்கப்படும் வழக்கு உலகில் உண்டெனில், அது இதுவே.

பழந்தமிழில் நாற்றம் என்னும் சொல் நறுமணத்தையும் குறித்தது. காலப்போக்கில் அது தாழ்ந்து, தீய மணத்திற்கே உரியதாயிற்று. சொல்லுக்கு நேர்ந்த இத்தாழ்வு மனிதருக்கும் நேர்வதுண்டு.

சிங்கப்பூரில் வாரநாளொன்றின் மாலைவேளையை எண்ணிப் பார்க்கலாம். கட்டுமானத் தளத்தில் பகலெல்லாம் உழைத்த தமிழகத்துத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் ஏறி, சாளரத்தின் அருகே அமர்கிறார். பக்கத்து இருக்கையிலிருப்பவர் சற்றுப் பொறுத்து எழுந்து, வேறிடம் போய் நிற்கிறார். அடுத்து ஏறுபவர் அந்த இருக்கையைப் பார்க்கிறார், தொழிலாளியையும் பார்க்கிறார், அவரும் நின்றுகொள்கிறார். வண்டி நிறைந்த பின்னும் அந்த ஓர் இருக்கை வெறுமையாகவே செல்கிறது. எழுந்து நின்றவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். அத்தொழிலாளியின் மொழியையே பேசும் தமிழராகவும் இருக்கலாம். இங்குத் தவறியவர் யார்? உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளாதவரா? உடன் அமர மறுத்தவரா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன் நாற்றம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிதல் நலம். மனித உடலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒருவகை உடலெங்கும் பரவியுள்ளது. அது வெளியிடுவது பெரும்பாலும் நீரும் உப்புமே. உடலைக் குளிர்விப்பது அதன் தொழில். மற்றொருவகை அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் அமைந்து, பருவமடையும் வயதில் செயற்படத் தொடங்குகிறது. அதன் கசிவில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். இவ்விரண்டுக்கும் பிறக்கும்போது நாற்றமில்லை. தோலின்மீது வாழும் நுண்ணுயிர்கள் இரண்டாம் வகைக் கசிவைச் சிதைக்கும்போதே நாற்றம் எழுகிறது. காலணிக்குள் அடைபட்ட பாதமும், ஈரம் உலராத சட்டையும் அந்நுண்ணுயிர்களுக்கு ஏற்ற இடங்களாகின்றன. பூண்டும் வெந்தயமும் தம் மணத்தை வியர்வையிலும் விட்டுச்செல்லும்.

சிங்கப்பூரின் தட்பவெப்பம் இதற்குத் துணைசெய்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் பெரும்பாலும் 31 பாகையை ஒட்டியே இருக்கும். காற்றின் ஈரப்பதமோ சராசரியாக 80 விழுக்காட்டிற்கு மேல். வியர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிராது. ஈரக்காற்றில் அது உலர மறுக்கிறது. உடல் மேலும் வியர்க்கிறது. குளிர்சாதன அறையிலிருந்து குளிர்சாதன வண்டிக்குச் செல்பவர் இவ்வுண்மையை எளிதில் மறந்துவிடுகிறார்.

பிறப்பின் பங்கும் இதில் உண்டு. காதுக்குறும்பி ஈரமாயிருப்பதையும் உலர்ந்திருப்பதையும் ஒரே மரபணு தீர்மானிக்கிறதென்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மரபணுவே அக்குள் நாற்றத்தின் மிகுதி குறைவையும் பெரிதும் வகுக்கிறதெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. சீனர், ஜப்பானியர், கொரியருள் பெரும்பாலோர் நாற்றம் குறைந்த வகையினர். ஐரோப்பியரிலும் ஆப்பிரிக்கரிலும் ஏறத்தாழ அனைவரும், இந்தியருள் பலரும் மற்ற வகையினர். ஒரே வெயிலில் ஒரே வேலையைச் செய்து, ஒரே அளவு நீரில் குளித்த இருவருள் ஒருவர் மணக்காமலும் மற்றவர் மணந்தும் இருக்கக்கூடும். முன்னவருடைய நல்லொழுக்கம் இதில் எதுவுமில்லை. பின்னவருடைய தீயொழுக்கமும் இல்லை.

அங்ஙனமாயின் கடமை என்பதே இல்லையா? உண்டு. பல இனத்தவர் தோளோடு தோள் உரசி வாழும் நகரத்தில், மின்தூக்கியிலும் பேருந்திலும் பிறர் மூச்சுவிடும் காற்றைத் தன் உடலும் ஆக்குகிறது என்பதை ஒவ்வொருவரும் உணர்தல் வேண்டும். காலையும் மாலையும் குளித்தல், அக்குளையும் விரலிடுக்கையும் சோப்பிட்டுக் கழுவித் துடைத்தல், உள்ளாடையையும் காலுறையையும் நாள்தோறும் மாற்றுதல், துணியை வெயிலில் உலர்த்துதல், பல்லோடு நாவையும் தூய்மை செய்தல் ஆகிய இவை எளிய பழக்கங்கள். கழுவாத உடலின்மேல் நறுமணத் தைலம் பூசுவது, பெருக்காத வீட்டில் ஊதுபத்தி ஏற்றுவதற்கு நிகர். உழைப்பவனின் நாற்றமும் நறுமணமே எனப் புகழ்ந்து பாடுவோரும் உளர். அது பரிவுபோல் தோன்றினும், உழைப்பவனுக்குச் சோப்பும் நீரும் வேண்டா என்று சொல்வதில்தான் முடிகிறது. பகல் முழுதும் வியர்த்தவன் அவ்வியர்வையை மாலையில் கழுவிக் களையவே விரும்புகிறான்.

கூழைக் குடிப்பவனும் குளித்தபின் குடிக்கவேண்டும், கந்தையை உடுப்பவனும் கசக்கியபின் உடுக்கவேண்டும் என்பது தமிழர் பழமொழியின் கருத்து. வறுமை அழுக்குக்குச் சாக்காகாது என்னும் அவ்வறிவுரை உயர்ந்ததே. எனினும் அது ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. குளிக்க ஆறு வேண்டும். கசக்கிய கந்தை உலரும்வரை கட்டிக்கொள்ள மற்றொரு கந்தை வேண்டும். இவற்றைச் செய்ய நேரமும் வேண்டும். நீர், இடம், நேரம் என்னும் இம்மூன்றும் உள்ளவனுக்கே தூய்மை பழக்கமாகும். இல்லாதவனுக்கு அது போராட்டம்.

இதனைச் சிங்கப்பூரின் வரலாறே மெய்ப்பிக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர்க் கம்பங்களில் வாழ்ந்தோர் பலர் பொதுக்குழாயடியில் வரிசையில் நின்று நீர் பிடித்தனர். 1963-இல் வறட்சி நேர்ந்தபோது பல மாதங்கள் நீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. வாளிக் கழிப்பறைகளிலிருந்து மலத்தை எடுத்துச்செல்லும் முறை 1987-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகள் குழாயையும் குளியலறையையும் கழிப்பறையையும் வீட்டிற்குள்ளேயே கொணர்ந்தன. 1968 அக்டோபரில் சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1970-களில் பள்ளிச் சிறுவர்கள் கையில் குவளையுடன் சாக்கடையோரம் வரிசையாகக் குந்தியிருந்து பல்துலக்கப் பழகினர். இயக்கங்கள் பழக்கத்தைக் கற்பித்தன. குழாய் அப்பழக்கத்தை இயலச் செய்தது. மக்கள் திடீரென ஒழுக்கத்தில் உயர்ந்துவிடவில்லை; நீர் அவர்களைத் தேடி வந்தது. இன்று மூக்கைச் சுளிப்பவரின் பாட்டனும் குழாயடி வரிசையில் நின்றவராக இருத்தல் கூடும்.

சிராங்கூன் சாலையின் கதையும் அத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வட்டாரம் மாட்டு வணிகத்திற்குப் பெயர்பெற்றிருந்தது. சதுப்பு நிலத்தின் நீரும் புல்லும் கால்நடைகளுக்கு ஏற்றவையாயிருந்தன. பஃபலோ ரோடு என்னும் தெருப்பெயரும், எருமைக்கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரும் அதற்குச் சான்று. சாணமும் தொழுவமும் மணந்த இடத்தில் இன்று மல்லிகை மணக்கிறது. ஓரிடத்தின் மணம் அதன் விதியன்று. அங்கு மனிதர் செய்துதரும் வசதிகளின் விளைவு.

நாற்றத்தின் பொறுப்பு ஒருவனுடையது மட்டுமன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் பரவியபோது, வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்துவந்தது பொதுமக்களின் கவனத்திற்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், புதிதாகக் கட்டப்படும் விடுதிகளுக்கு உரிய புதிய அளவுகளை அரசு அறிவித்தது. அதுவரை 15 படுக்கைக்கு ஒரு கழிப்பறையும் குளியலிடமும் என்றிருந்தது. இனி 6 படுக்கைக்கு ஒன்று என்றாயிற்று. ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் ஆகாது என்றும் வகுக்கப்பட்டது.

இவ்வெண்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தால் அறம் விளங்கும். ஒருவர் குளித்துவரப் பத்து நிமிடம் எனக் கொண்டால், பதினைந்து பேர் குளித்துமுடிக்க இரண்டரை மணிநேரம் ஆகும். காலை ஆறு மணிக்கு லாரி புறப்படுமாயின், முதல் மனிதர் மூன்றரை மணிக்கே நீரில் நிற்கவேண்டும். மாலையிலும் அவ்வாறே, கடைசி மனிதர் உறக்கத்தையோ குளியலையோ ஒன்றைத் துறக்கவேண்டும். ஆறு பேராயின் ஒரு மணிநேரம் போதும். பதினைந்தினின்று ஆறாகக் குறைந்த அந்த எண், நூறு அறிவுரைகள் செய்ய இயலாததைச் செய்யும். தூய்மையைப் பற்றிய அறவுரை உழைப்பவனிடம் மட்டும் கூறப்படின் அது பாதி அறமே. மறுபாதி, அவனுக்கு இடம் அளப்பவரிடமும் வேலைநேரம் வகுப்பவரிடமும் கூறப்படவேண்டியது.

மூக்கும் முழுதும் நடுநிலையானதன்று. தாழ்ந்த வகுப்பினர் நாறுவர் என்று தம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்பட்டதை ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வெளிவந்த தம் நூலில் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் 1919-இல் ஒரு வியர்வைத்தடுப்பு மருந்தின் விளம்பரம், பெண்கள் தம் நாற்றத்தைத் தாமே அறியார் என அச்சுறுத்திற்று. வாசகியர் சிலர் சினந்து அவ்விதழை நிறுத்தினர். மருந்தின் விற்பனையோ பெருகிற்று. இகழ்ச்சியும் அச்சமும் மூக்கின் வழியே எளிதில் புகுத்தப்படக்கூடியவை. தமிழ்ச் சமுதாயத்திற்கு இது புதிதன்று. பிறர் மலத்தை அகற்றுமாறு ஒரு சாராரைப் பிறப்பால் பணித்துவிட்டு, அகற்றியவரையே அழுக்கர் என ஒதுக்கிய கொடுமை அதன் வரலாற்றில் உண்டு. கழுவினால் போவது அழுக்கு. கழுவினாலும் போகாதென்று கூறப்பட்டது தீட்டு. முன்னது உடலில் இருந்தது. பின்னது ஒதுக்கியவரின் உள்ளத்தில் இருந்தது.

அவ்வாறாயின், நண்பனின் உடல் நாறுவதை அறிந்தவன் செய்யத்தக்கது யாது? வாளாவிருத்தல் பண்பு போலத் தோன்றும். ஆயினும் அது அவனை ஊரார் ஏளனத்திற்குக் கையளிப்பதாகும். பலர்முன் கூறுதல் கொடுமை. தனியிடத்தில், தன் தம்பிக்குச் சொல்வதுபோல், ஓரிரு சொற்களில் உரைத்தலே முறை. குளித்தும் நாற்றம் நீங்காதெனில் அது நோயின் குறியாகவும் இருக்கலாம்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடன். சொல்லுவதற்குரிய உரிமை, உதவ முன்வருபவனுக்கே உண்டு.

புறத்தூய்மை நீரால் அமையும், அகத்தூய்மை வாய்மையால் அறியப்படும் என்னும் கருத்தை வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வைத்தார். நீரால் முடிவதை நீரிடம் விட்டுவிட்டு, நீரால் முடியாததை ஆராய்வதே அறிவுடைமை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா வட்டாரத்திற்குச் செல்பவர் அதே தொழிலாளியை மீண்டும் காணலாம். அன்று அவருக்கு விடுமுறை. வரிசையில் முந்திக்கொள்ள வேண்டிய அவசரமில்லை, நிதானமாகக் குளித்திருக்கிறார். தலைக்கு எண்ணெய் தடவி வாரி, மடிப்புக் கலையாத சட்டை அணிந்து, நெற்றியில் திருநீறு இட்டு, ஊருக்குப் பணம் அனுப்பும் கடைமுன் நிற்கிறார். செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் அவர் அருகே அமர மறுத்தவர், இன்று அவரைக் கடந்துசெல்கிறார். அவர்தாம் இவர் என அறிந்துகொள்ளவும் இல்லை. உடலும் அதே உடல். பிறப்பும் அதே பிறப்பு. மாறியது ஒன்றே: இன்று அவருக்கு நீரும் நேரமும் வாய்த்தன.