அன்பு மட்டும் அமையுமோ?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்டது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எழுப்பிய அக்கல்லில் அவனுடைய நாயும் நிற்கின்றது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் பெயரோடு பொறித்தனர் நம் முன்னோர். நாய் செய்ததை உள்ளபடி எழுதினரேயன்றி, அதனை மனிதனாக்கி எழுதினாரல்லர். இவ்வேறுபாட்டை நான் உணர்வதற்கு நெருளில் ஓர் உயிர் இரண்டாண்டு துன்புற வேண்டியதாயிற்று.

சங்கரன்கோவிலை அடுத்த எங்கள் ஊரிலிருந்து இராஜபாளையத்துக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். வெண்ணிற மேனி, இளஞ்சிவப்பு மூக்கு. பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்குமாகப் பல தலைமுறை பேணிய இனம். 2005இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகை வீடுகளில் காலம் கழித்து, பின்னர் நெருளில் சொந்தமாக இரண்டு அறை கண்ட எங்களுக்கு, அக்குட்டி ஊரின் ஒரு துண்டாகவே தோன்றியது. நான் விரும்பியது குட்டியையா, ஊரையா என்று அன்று எவரேனும் வினவியிருந்தால் விடை கூறியிரேன்.

அன்புக்குக் குறைவில்லை. ஆட்டிறைச்சி, மெத்தை, பிறந்தநாள் கேக், எல்லாம் உண்டு. ஆனால் நானும் மனைவியும் காலை ஏழரைக்கு ஹார்பர் ரயிலைப் பிடித்தால் திரும்ப இரவு எட்டாகும். பன்னிரண்டு மணி நேரம் பூட்டிய மூன்றாம் மாடியில் அது தனித்திருந்தது, ஊளையிட்டது, கதவின் அடிப்பகுதியைக் கடித்துக் குதறியது. அண்டை வீட்டார் முறையிட்ட ஓர் இரவில் செருப்பால் அடித்தேன். அது தலைகவிழ்ந்து ஒடுங்கியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறது என்று மனைவியிடம் கூடக் கூறினேன்!

அது ஒப்புக்கொள்ளவில்லை. நாயின் 'குற்றமுள்ள முகம்' அது செய்த பிழையைப் பொறுத்ததன்று, நம் அதட்டலைப் பொறுத்தது என்று அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் ஆய்ந்து காட்டினார். காலையில் கடித்த கதவுக்கும் இரவில் விழுந்த அடிக்கும் உள்ள தொடர்பை அது எங்ஙனம் அறியும்? நாய்க்குட்டியின் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையே அது பிற நாய்களோடும் மனிதரோடும் உறவுகொள்ளப் பழகும் பருவம் என்று ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் 1965இல் எழுதினர். அப்பருவத்தின் பிற்பகுதியில்தான், நோய்க்கு அஞ்சி, நான் அதனை வெளியுலகம் காட்டாமல் வைத்திருந்தேன். பின்னாளில் அது மின்தூக்கியைக் கண்டும் நடுங்கியது. ஆட்டோவைக் கண்டும் நடுங்கியது.

மாடத்தில் நின்று அது கீழே நோக்கும். தெருநாய்கள் நண்பகலில் மர நிழலில் உறங்கும். அந்தியில் எழுந்து ஒன்றையொன்று முகர்ந்து, எல்லைக்கு எல்லை செய்தி படித்துச் செல்லும். அவற்றுக்குப் பசியும் உண்டு, கல்லெறியும் உண்டு. ஆயினும் கூட்டம் உண்டு. மனிதரையும் அவை வெறும் சோற்றுக்காக நாடுவதில்லை. தடவிக்கொடுத்த அயலாரிடம், உணவளித்தோரைக் காட்டிலும் தெருநாய்கள் மிகுதியாக நெருங்கின என்று அனிந்திதா பத்ராவின் கொல்கத்தா ஆய்வுக்குழு 2017இல் கண்டறிந்தது. என் நாயை முகரவும் நான் விட்டதில்லை. கம்பத்தருகே நின்றால் 'சீ, அழுக்கு' என்று வாரை இழுப்பேன். மூக்கால் உலகை அறியும் உயிருக்கு அது கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பன்றோ?

விலங்கு உயிருள்ள பொறியே என்றார் பதினேழாம் நூற்றாண்டு டெகார்ட். அக்கொடுமையை நாம் எளிதில் கண்டிக்கிறோம். நாயைக் 'குழந்தை' என்பதும் அதனை அதுவாக இருக்க விடாமையே; இனிப்பாக இருப்பதால் கண்டிக்க எவரும் வருவதில்லை. ஒருவர்மீது அன்பு செலுத்த அவர் இன்னார் என்று அறியவேண்டாவோ? ஊர்ப் பேச்சும் உறவும் இன்றி நெடுநாள் இருந்த நமக்கேனும் இது விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் ஆண்டுக் கோடையில் அதனை அண்ணன் தோப்பில் விட்டு வந்தேன். பழகச் சில மாதங்கள் ஆயின என்றார் அண்ணன். அடுத்த பொங்கலுக்குச் சென்றபோது, வேலியோரம் மேய்ந்த ஆடுகளிடையே நின்றிருந்தது. கூப்பிட்டதும் வந்தது, என் கையை நெடுநேரம் முகர்ந்தது, வாலை அசைத்தது. பிறகு ஆடுகளிடம் திரும்பிப் போய்விட்டது.