அந்த இடம்

"இப்ப என்ன கேட்டுட்டிருக்க?"

1989-இல் பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படித்தபோது நாங்கள் நலம் விசாரித்த விதம் இதுதான். ஊருக்குப் போய்த் திரும்புகிறவனிடம் "சாப்ட்டியா" என்று கேட்டதும் அடுத்து இந்தக் கேள்வி வரும். பதிலிலேயே பாதி சங்கதி தெரிந்துவிடும். திடீரென்று பழைய சோகப் பாட்டுகளுக்குப் போயிருந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை. ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால் மனதில் யாரோ வந்திருக்கிறார்கள். எதையும் கேட்கப் பிடிக்கவில்லை என்று ஒருவன் சொன்னால், அன்று இரவு அவனைத் தனியே விடமாட்டோம்.

கேட்க விரும்பியதை எல்லாம் கடையில் போய் வாங்கும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளை நோட்டுத்தாளில் வரிசையாக எழுதி, ஒரு டிடிகே 60 காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார் கடை அண்ணாச்சி. 60 என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். சராசரியாக ஆறு பாட்டு. கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். மிச்சம் விழுந்தால் நாடா வெறுமனே இரைந்துகொண்டு ஓடும். அண்ணாச்சிக்கு இரண்டுமே பிடிக்காது. "நாலு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு தம்பி. நானே ஒண்ணு போட்டிருக்கேன், கேட்டுப் பாரு" என்பார். நான் எழுதிக் கொடுத்த பாட்டுகளில் பல இன்று நினைவில் இல்லை. அண்ணாச்சி மிச்சத்தில் போட்டுக் கொடுத்தவை அநேகமாக எல்லாமே நினைவில் இருக்கின்றன.

கடையில் வாங்கும் கேசட்டிலும் இதே கதைதான். ஐந்தாறு பாட்டுள்ள ஒரு படம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் என்பதால் மறுபக்கத்தில் வேறொரு படத்தைப் போட்டிருப்பார்கள். நாம் ஆசைப்பட்டு வாங்கியது ஏ சைடு. கூடவே வந்தது பி சைடு. ஏ சைடு முடிந்ததும் அதையே மறுபடி கேட்க வேண்டுமென்றால் ரீவைண்ட் செய்ய வேண்டும். ரீவைண்ட் பேட்டரியைத் தின்றுவிடும். கேசட்டைத் திருப்பிப் போட்டு பி சைடை முழுக்க ஓடவிட்டால், அது முடியும்போது ஏ சைடு தானாகத் தொடக்கத்துக்கு வந்து நிற்கும். ஆசைப்பட்ட பாட்டைச் செலவில்லாமல் மறுபடி கேட்க ஒரே வழி, ஆசைப்படாத பாட்டை முழுக்கக் கேட்பதுதான். என் ரசனை என்று இன்று நான் உரிமை கொண்டாடுவதில் பாதி அப்படி மறுபக்கத்திலிருந்து வந்தது.

அந்த வயதில் எனக்கு உயிராக இருந்தது 'ஹவ் டு நேம் இட்?'. இளையராஜா 1986-இல் வெளியிட்ட வாத்திய இசைத் தொகுப்பு. படம் இல்லை, காட்சி இல்லை, கவிஞர் இல்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே செல்ல, அதைச் சுற்றி ஒரு வாத்தியக் கூட்டம். தியாகராஜருக்கும் யோகான் செபாஸ்டியன் பாகுக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார் ராஜா. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று அதில் ஒன்று. பாக் தனி வயலினுக்கு எழுதிவைத்த இசையை ஓடவிட்டு, பக்கத்தில் தன் குரலையும் சேர்த்துப் பேச வைத்திருப்பார். பாக் இறந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். ஒருவர் போய் பதினேழு வருடம் கழித்துத்தான் மற்றவர் வருகிறார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், காவிரிக்கரையில் ஒருவர். இருவரையும் நேசித்த மூன்றாவது ஆள் ஒருவர், பண்ணைப்புரத்தில் பிறந்தவர், தன் வீட்டுத் திண்ணையில் இருவரையும் உட்கார வைத்துவிட்டார். பிடித்ததைப் பிடித்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரிந்து இல்லை.

என் அறை நண்பன் மேலப்பாளையத்துக்காரன். அவனிடம் அந்தக் கேசட்டைக் கொடுத்தேன். அவனுக்கு மேற்கத்திய இசையும் பழக்கமில்லை, கர்நாடக இசையும் பழக்கமில்லை. ஒரு வாரம் வைத்திருந்தான். திருப்பித் தரும்போது நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. "மாப்ள, ஒரு எடம் வருதுல்லா... மேல வயலின் ஓடிக்கிட்டே இருக்கு, கீழ ஒண்ணு நிதானமா நடக்கு. சின்னப் புள்ள முன்னால ஓட, பெரியவங்க பின்னாலயே நடந்து வார மாதிரி. அந்த எடம்" என்றான்.

நூறு தடவை கேட்டிருந்த எனக்கு அந்த நடை அதுவரை காதில் விழுந்ததே இல்லை. மேலே ஓடிய வயலினோடு நானும் ஓடிக்கொண்டிருந்தேன். அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கீழே நடப்பவரை மட்டும் கேட்டேன். கேசட் அதேதான். அதற்குள் இன்னொரு அறை இருந்திருக்கிறது.

பதிலுக்கு அவன் எனக்கு ஒன்று கொடுத்தான். நாகூர் ஹனிபா பாடல்கள். "வாப்பாவோட கேசட். பத்திரமா வச்சுக் கேளு" என்றான். அவன் வாப்பா கடையடைத்து வந்ததும் முதலில் போடுவது அதைத்தான் என்பது எனக்குத் தெரியும். வாங்கி வைத்தேன். ஹனிபாவை யார் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்? கட்சிக் கூட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் வரும் குரல். கந்தூரி விழாக்களில் தெரு முழுக்க நிறையும் குரல். எனக்குத் தெரிந்த குரல்தானே என்ற நினைப்பு. முதல் பாட்டில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, எடுத்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து, "அருமையா இருந்துச்சுடா" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவன் கேசட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கேசட்டின் நடுவில் சின்னக் கண்ணாடி மாதிரி ஒரு திறப்பு இருக்குமே, அதன் வழியாக நாடாச் சுருள் தெரியும். இடப்பக்கம் முழுச் சுருள் தடிமனாக அப்படியே இருந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் ஒரு மெல்லிய கோடு. முப்பது நிமிடப் பக்கத்தில் நான் எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்பதை அது அளவெடுத்து வைத்திருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துச் சக்கரத்தில் செருகி, அந்த ஒரு நிமிடத்தையும் மெதுவாகச் சுற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு சாப்பிடப் போனோம். நட்பில் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் படித்து முடித்துப் பிரியும்வரை அவன் எனக்கு வேறு எதையும் கேட்கத் தரவில்லை.

நான் செய்த பிழை எது என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆனது. பொய் சொன்னது சின்னப் பிழை. 'எனக்கு இது ஒத்துவரலடா' என்று சொல்லியிருந்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அவன் கேட்டது என் பாராட்டை இல்லை. தன் வாப்பா தினமும் உட்காரும் அந்த அரை மணி நேரத்துக்குள் என்னையும் வந்து உட்காரச் சொன்னான். நான் வாசலிலேயே நின்று, 'வீடு அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஒருவர் தனக்குப் பிடித்த இசையை நம்மிடம் தரும்போது உண்மையில் கேட்பது நம் நேரத்தை. ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம், ஓர் ஓவியத்தை நின்று பார்த்துவிட்டு நகரலாம். நாற்பது நிமிட இசைக்கு நாற்பது நிமிடம் கொடுத்தே ஆக வேண்டும்; சுருக்கு வழி கிடையாது. அந்த நேரம் முழுக்க நம் பேச்சை நிறுத்தி, நம் ரசனையைச் சற்று ஓரமாக நகர்த்தி, அடுத்தவருக்கு உள்ளே இடம் கொடுக்கிறோம். இசை கேட்பவர்கள் எல்லாரும் 'இடம்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது இடையிசையில் ஒரு இடம், சரணத்தில் ஏறுகிற இடம், கச்சேரியில் ஆலாபனையில் பாடகர் நின்று காட்டிய இடம். ராகத்தின் பெயர் தெரியாதவருக்கும் இடம் தெரியும். முழுக்கக் கேட்டவரால் மட்டுமே சொல்ல முடிந்த ஒன்று அது. 'சூப்பர்' என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம். 'அந்த இடம்' என்பதைச் சொல்ல முடியாது.

தருகிறவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எனக்குப் பிடித்த இடமே உனக்கும் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், கேட்பவருக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைக்காது. தமிழில் 'கேள்' என்றால் காதால் கேட்பது, வினவுவது; பழந்தமிழில் உறவுக்கும் நட்புக்கும் அதுவே பெயர். ஒருவனைத் தன் காதால் கேட்கவிட்டு, பிறகு 'உனக்கு எந்த இடம்?' என்று வினவுவதில்தான் அந்த உறவு முழுமையாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2015 ஏப்ரலில் நாகூர் ஹனிபா காலமானார். வயது 89. செய்தியைப் பார்த்த இரவு, அவர் பாடல்களைத் தேடி எடுத்து ஒரு மணி நேரம் போல் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் ஊர் ஒலிபெருக்கிகள் அவர் குரலின் கம்பீரத்தை மட்டும்தான் எனக்குத் தந்திருந்தன. தனியாகக் கேட்டபோது வேறொன்று தெரிந்தது. உச்சத்துக்கு ஏறுவதற்கு முன் அவர் ஒரு மூச்சு எடுத்துக்கொள்கிறார். சுமை தூக்குகிறவர் குனிந்து கைவைக்கும் முன் எடுக்கும் மூச்சு. அதன் பிறகு வரும் வேண்டுதலில் பாரம் முழுவதும் ஏறியிருக்கிறது. வளைகுடாவில் இருந்த நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "அன்னைக்கு நான் கேட்கலடா. இன்னைக்குத்தான் கேட்டேன். மேல ஏறுறதுக்கு முன்னால ஒரு மூச்சு எடுக்காரு பாரு, அந்த இடம்." வெகுநேரம் கழித்து பதில் வந்தது. "வாப்பாவும் அங்கதான் கண்ண மூடுவாங்க." வாப்பா இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

சென்ற மாதம் என் மகள் ஒரு சுட்டியை அனுப்பினாள். 'தெருக்குரல்'. அறிவு எழுதிப் பாட, ஓஃப்ரோ இசையமைத்து 2019-இல் வந்த ராப் தொகுப்பு. "அப்பா, இத முழுசா கேளுப்பா" என்று ஒரு வரி. போட்டேன். சொற்கள் என் காது எட்டுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. விரல் தானாகத் தள்ளிவிடப் போனது. தள்ளியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கேசட் என்னைக் காட்டிக்கொடுத்தது. செல்பேசியில் நான் எந்த நிமிடத்தில் எழுந்துபோனேன் என்பதை என் மகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. அதனாலேயே இன்று முழுக்கக் கேட்பது நம் மனசாட்சியின் பொறுப்பாகிவிட்டது. விரலை எடுத்துவிட்டேன். கடைசிவரை கேட்டேன். மறுநாள் மறுபடி கேட்டேன். மூன்றாம் நாள், எனக்குப் பழக்கமான எந்த மெட்டும் இல்லாத அந்தப் பாட்டுகளின் கோபத்துக்குள் கால் வைக்க ஓர் இடம் கிடைத்தது.

மகள் விடுமுறைக்கு வந்த அன்று சொன்னேன்: "ஒரு பாட்டுல மூச்சு விடாம வரி வரியா சொல்லிட்டே வாராரு. நடுவுல ஒரே ஒரு தடவை மூச்ச இழுக்குற சத்தம் கேக்குது. அந்த இடம்."

அவளுக்குப் பிடித்த இடம் அது இல்லை. சற்று யோசித்தாள். "நான் கவனிச்சதே இல்லையேப்பா, எங்க வருது?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு நிமிடக் கணக்கு சொல்லத் தெரியவில்லை. "முதல்ல இருந்து போடு, சொல்றேன்" என்றேன்.