அன்பும் பயிற்சியும்

உழைக்கும் மக்கள்மீது அன்பு கொண்ட கலைஞனுக்குப் பயிற்சி குறைந்தாலும் பாதகமில்லை என்பர் சிலர். வின்சென்ற் வான் கோவின் மாணவப் பருவம் இவர்களுக்கு மறுமொழி கூறுகின்றது.

பெல்ஜியத்தின் சுரங்கத் தொழிலாளரிடையே சமய போதகராக வாழ்ந்து, அவர்தம் வறுமையை நேரிற் கண்டவர் அவர். 1880 இல் ஓவியராவதெனத் துணிந்தபோது அன்பு இருந்தது, கைத்திறன் இருக்கவில்லை. 1882 இல், ஹேக் நகரில், தைல வர்ணத்தை ஊன்றிப் பயிலத் தொடங்கினார்.

தைல வர்ணம் பொறுமையை வேண்டுவது. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாவதில்லை. காற்றின் ஒட்சிசனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகின்றது. அடிப்பூச்சு இறுகுமுன், விரைந்துலரும் மேற்பூச்சை இட்டால், காலப்போக்கிற் படத்தில் வெடிப்பு விழும். அவசரத்தை இன்று மறைத்துவிடலாம். நாளை அது வெளிப்பட்டே தீரும்.

1884-85 குளிர்காலத்தில், நூனென் கிராமத்தில், விவசாயிகளின் முகங்களை அவர் திரும்பத் திரும்பத் தீட்டினார். ஏறத்தாழ 40 முகங்கள். அதன் பின்னரே, 1885 இல், 'உருளைக்கிழங்கு உண்போர்' பிறந்தது: விளக்கொளியில் ஐவர், உழைத்துக் காய்த்த கைகள்.

அதன் கல்லச்சுப் பிரதியைக் கண்ட நண்பர் வான் ராப்பார்ட், உருவ அமைப்பைக் கடுமையாகக் கண்டித்தார். வான் கோ சினந்தார். தம் படைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும், 1886 சனவரியில், 32 வயதில், அன்ற்வேர்ப் கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

பொருளின் உயர்வு உழைப்பிலிருந்து கலைஞனுக்கு விடுதலை அளிப்பதில்லை, உழைப்பை இருமடங்காக்குகின்றது. ஏழையைத் தீட்ட அரைகுறை வேலை போதுமென்றால், ஏழைக்கு அரைகுறையே போதுமென்று நாமும் சொன்னவர்களாக மாட்டோமா?